2.4 கேன் தண்ணீரை எப்படி வாங்குவது? குழந்தைகளுக்கான பேரிடர்க் கணக்குப் பெட்டி: ஒரு மதிப்புரை

நால்வர் உள்ள குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், மூன்று நாளைக்குத் தண்ணீர் சேமித்து வைக்க வேண்டுமானால் 20 லிட்டர் கேன்கள் எத்தனை தேவைப்படும் என்பதுதான் இந்தப் பெட்டியில் உள்ள பயிற்சிப் புத்தகத்தின் முதல் கணக்கு. பத்து வயதாகும் என் மகள் பெருக்கி 48 என்று கண்டு, அதை 20 ஆல் வகுத்து 2.4 என்று எழுதி, சற்று நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அதன் மேல் கோடு கிழித்து 3 என்று மாற்றினாள். கடைசிப் பக்கத்து விடைப் பட்டியலைப் பார்த்தால் 2.4 என்றே அச்சிட்டிருக்கிறார்கள். "அப்படியானால் நான் செய்தது தப்பா?" என்று அவள் கேட்டபோது, புத்தகம்தான் தப்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு வாரம் இந்தப் பெட்டியை வைத்து இரண்டு குழந்தைகளோடு வேலை செய்த பிறகு, இதன் சிறப்பும் குறையும் அந்த முதல் கணக்கிலேயே தெரிந்துவிட்டன என்று தோன்றுகிறது: கேள்விகள் வாழ்க்கையிலிருந்து வந்திருக்கின்றன, விடைகள் பரீட்சைத் தாளிலிருந்து வந்திருக்கின்றன.

ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வெள்ளம், தீ, இடி மின்னல், மின்தடை, நிலநடுக்கம் போன்றவற்றுக்கு ஆயத்தமாக இருப்பதைக் கூட்டல் கழித்தல் வழியே சொல்லித்தருவது இதன் நோக்கம். ஒரு பயிற்சிப் புத்தகம், ஐம்பதுக்கும் மேற்பட்ட அட்டைகள், 2 மீட்டர் துணி அளவுநாடா, பிளாஸ்டிக் அளவுக் குவளை, ஒரு சிறிய ஸ்டாப்வாட்ச், சுவரில் ஒட்டும் தாள் ஒன்று ஆகியவை உள்ளே இருக்கின்றன. பெயரையும் தயாரிப்பாளரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த இத்தகைய பெட்டிகள் இப்போது பல வருகின்றன, எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஒன்றேதான். நான் ஆசிரியர் அல்லன்; வீட்டில் இரண்டு குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் தகப்பன் மட்டுமே. மூத்தவளுக்குப் பத்து, இளையவனுக்கு ஏழு.

தண்ணீர்ப் பகுதியைப் பற்றி முதலில் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பெட்டியின் மிகச் சிறந்த பகுதி அதுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் என்பது பல நாடுகளில் வழங்கும் பரிந்துரை. அமெரிக்கக் கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர். புத்தகத்தைத் தமிழாக்கியவர்கள் சில பக்கங்களில் கேலனை லிட்டராக மாற்றியும் சில பக்கங்களில் அப்படியே விட்டும் வைத்திருப்பதால் ஒரு நாள் முழுவதும் எங்கள் வீட்டில் குழப்பம் நிலவியது. ஆனால் அந்தக் குழப்பத்தாலும் ஒரு நன்மை விளைந்தது. 3.8 ஐ 4 என்று எடுத்துக்கொள்ளலாமா, 3.5 என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மகளிடம் கேட்டபோது, "தண்ணீர் மிஞ்சினால் ஊற்றிவிடலாம், குறைந்தால் எங்கே போவது?" என்றாள். முழுதாக்கல் என்பதை அவளது பள்ளிப் புத்தகம் ஐந்துக்கு மேலே போனால் கூட்டு, கீழே வந்தால் விடு என்று மட்டுமே சொல்லியிருக்கிறது. எந்தப் பக்கம் முழுதாக்குவது என்பதை எண் தீர்மானிப்பதில்லை, தேவை தீர்மானிக்கிறது என்பதை எந்தப் பாடமும் சொல்லாமல் அவளே கண்டுகொண்டாள்.

அடுத்த கேள்வியில் புத்தகம் நன்றாகவே யோசித்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே 48 லிட்டர் 48 கிலோ. வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் அதை யார் தூக்குவது? நிரம்பிய 20 லிட்டர் கேனைக் குழந்தைகளால் நகர்த்தக்கூட முடியவில்லை. எனவே யார் எவ்வளவு தூக்க முடியும் என்று ஒவ்வொருவரும் பாட்டில்களைப் பையில் போட்டு நடந்து பார்த்து, ஒரு பங்கீட்டுப் பட்டியல் தயாரிக்கச் சொல்கிறார்கள். இளையவன் நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களோடு வீரமாகக் கிளம்பி, தெருமுனை வருவதற்குள் இரண்டை என்னிடம் கொடுத்துவிட்டான். அவன் பெயருக்கு நேரே 2 என்று எழுதினோம். வகுத்தல் என்றால் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது என்று அதுவரை நினைத்திருந்தவனுக்கு அது ஒரு புதிய வகுத்தல்.

இங்கே ஒரு குறையும் உண்டு. 4 லிட்டர் என்பது குடிப்பதற்கும் மிகச் சிறிய தேவைகளுக்கும் மட்டுமே போதும் என்பதைப் புத்தகம் அழுத்திச் சொல்லவில்லை. நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் தர அளவு, சமையல், கைகால் சுத்தம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று வைக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்திருந்தால் எந்த வேலைக்கு எந்த நீர் என்ற நல்ல கணக்கு ஒன்று கிடைத்திருக்கும். குளியலறை வாளியை அளவுக் குவளையால் நிரப்பி எண்ணும் வேலையை நாங்களே சேர்த்துக்கொண்டோம்; இளையவன் அறுபதுக்கு மேல் எண்ணிக்கையைத் தவறவிட்டு மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினான் என்பதைத் தவிர அதில் சிக்கல் இல்லை.

மழைக் கணக்கும் இதே பகுதியில் வருகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். எனக்கே இது இவ்வளவு எளிய கணக்கு என்று தெரியாமல் இருந்தது. மாடியை அளக்கச் சொல்கிறது புத்தகம். 2 மீட்டர் நாடாவை வைத்துக்கொண்டு 9 மீட்டர் நீளத்தை அளப்பதற்குச் சாக்பீஸால் அடையாளமிட்டு நாலரை முறை நகர்த்த வேண்டியிருந்தது, ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு விரற்கடை பிசகியது. எப்படியோ 9 க்கு 6 என்று முடிவாகி 54 சதுர மீட்டர் வந்தது. 20 மில்லிமீட்டர் மழைக்கு 1,080 லிட்டர், அதாவது ஒரு டன்னுக்கும் மேல். மகள் நம்பாமல் இரண்டாம் முறை பெருக்கினாள். பிறகு அவளாகவே எழுந்து போய் மாடியின் வடிகால் துளையை எட்டிப் பார்த்தாள். அதில் சருகு அடைத்திருந்தது. சருகை அகற்று என்று புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இடி மின்னல் பக்கத்தில் கணிதம் எளியது, அதைச் செய்யச் சொல்லும் முறைதான் புதிது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை 3 ஆல் வகுத்தால் கிலோமீட்டரில் தொலைவு கிடைத்துவிடும். இது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் கையில் கடிகாரம் இல்லாதபோது வாயால்தானே எண்ண வேண்டும், உன் வாயெண்ணிக்கை சரியா என்று முதலில் சோதித்துக்கொள் என்கிறது புத்தகம். ஸ்டாப்வாட்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு இளையவன் ஒன்று முதல் பத்து வரை எண்ணினான். 7 நொடிதான் ஆகியிருந்தது. ஆக அவனது ஓர் எண்ணிக்கை 0.7 நொடி. சில நாள் கழித்து உண்மையாகவே இடி வந்த மாலையில் அவன் பதினான்கு எண்ணினான், அக்காள் அதை 0.7 ஆல் பெருக்கி 9.8 நொடி என்றாள், 3 ஆல் வகுத்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஓர் அளவுகோல் பிழையானதென்றாலும் எவ்வளவு பிழை என்று தெரிந்திருந்தால் அதை வைத்தே அளக்கலாம் என்பது பெரியவர்களில் பலருக்கும் பழக்கமில்லாத எண்ணம்.

ஆனாலும் இந்தப் பக்கத்தின் வடிவமைப்பை மன்னிக்க இயலவில்லை. இடைவெளி 30 நொடியோ அதற்குக் குறைவோ என்றால், அதாவது மின்னல் 10 கிலோமீட்டருக்குள் என்றால், உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரக் கூடாது என்ற விதியைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, தொலைவு காணும் கணக்குகளை மட்டும் வண்ணப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டர் என்றதும் என் பிள்ளைகள் இருவரும் அது தூரம்தானே என்று முற்றத்திலேயே நின்றார்கள். எண்ணைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அந்த எண் என்ன சொல்கிறது என்பது மறந்துபோகிறது. வீட்டுக்குள் இருந்தே எண்ணு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

தீ விபத்துப் பகுதியில் எனக்குப் பெரிய மாற்றுக்கருத்து இருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்து வாசலுக்கு வெளியே குறித்த இடத்தில் கூட எவ்வளவு நேரமாகிறது என்று ஐந்து முறை அளந்து, சராசரி காண வேண்டும் என்பது பயிற்சி. எங்கள் ஐந்து அளவுகள் 48, 41, 39, 37, 75 நொடிகள். கூட்டினால் 240, சராசரி 48. தீப்பிடித்த வீட்டிலிருந்து தப்ப இரண்டு நிமிடமோ அதற்கும் குறைவோதான் கிடைக்கும் என்று தீப் பாதுகாப்புத் துறையினர் சொல்வதை வைத்துப் பார்த்தால் 48 நல்ல எண்ணாகத்தான் தெரிகிறது, "நீங்கள் ஆயத்தமாக இருக்கிறீர்கள்!" என்று அட்டையும் பாராட்டியது. ஆனால் அந்த 75 எங்கிருந்து வந்தது? அந்த ஒரு முறை மட்டும் விளக்கை அணைத்துவிட்டு இளையவனைத் தனியாக முதலில் கதவுக்கு அனுப்பியிருந்தோம். மேல் தாழ்ப்பாள் அவனுக்கு எட்டவில்லை. இருட்டில் முக்காலியைத் தேடி இழுத்துவந்து ஏறித் திறப்பதற்குள் அத்தனை நொடிகள் போய்விட்டன. வீட்டில் இருந்த உண்மையான ஆபத்து அந்த ஓர் எண்ணில்தான் இருந்தது. சராசரி அதை விழுங்கிவிட்டது. இத்தகைய இடத்தில் ஐந்தில் மிக மோசமானது எது, ஏன் என்பதே கேள்வியாக இருந்திருக்க வேண்டும். இப்போது இரவில் நாங்கள் கீழ்த் தாழ்ப்பாளை மட்டும் போடுகிறோம். புகை மேலே திரளும், தரையோடு தவழ்ந்து வர வேண்டும் என்று அட்டையில் படம் இருக்கிறது, ஆனால் தவழ்ந்து வந்தால் எத்தனை நொடி என்று அளக்கச் சொல்லவில்லை. நாங்கள் அளந்தோம், நடந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது.

இனி, பெட்டியை வாங்கியவர்கள் கட்டாயம் திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு பக்கம். வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை விகிதக் கணக்காக வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற அளவு சரியானதே. ஆனால் ஒவ்வொன்றும் தலைதட்டிய கரண்டியாக இருக்க வேண்டும். பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தில் சர்க்கரையும் உப்பும் கரண்டியின் மேல் கோபுரமாக நிற்கின்றன. வீட்டுக் கரண்டியில் தலைதட்டியும் குவித்தும் மாறி மாறி அளந்து பார்த்தபோது, குவித்த இரண்டு கரண்டி சர்க்கரை கிட்டத்தட்ட தலைதட்டிய நான்குக்குச் சமமாக இருந்தது. அதே விகிதத்தில் உப்பும் கூடினால் அந்தக் கரைசல் குழந்தையின் உடலுக்கு நன்மை செய்வதற்கு மாறாகத் தீங்கு செய்யும். அடுத்த கேள்வி இதைவிட மோசம்: 200 மில்லி தம்ளர் ஒன்றுக்கு எவ்வளவு வேண்டும்? ஐந்தால் வகுத்தால் 1.2 கரண்டி சர்க்கரை, 0.1 கரண்டி உப்பு. தாளில் இது நூற்றுக்கு நூறு சரி. பத்தில் ஒரு கரண்டி உப்பை எந்தக் கை அளக்கும்? இந்தக் கரைசலுக்கென மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் இப்படிப் பங்கு போடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய சூத்திரப்படி அது ஒரு லிட்டருக்கு மொத்தம் 20.5 கிராம், அதைப் பிரித்துப் பாதிப் பாதியாகக் கலக்காமல் உறையில் சொன்ன நீரில் முழுவதுமாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மாத்திரை, சிரப் போன்றவற்றிலும் குழந்தைகள் தாமாகக் கணக்குப் போடக் கூடாது என்று இந்தப் பக்கத்திலாவது எழுதியிருக்க வேண்டும். எங்கள் பிரதியில் நான் சிவப்புப் பேனாவால் படத்தின் கோபுரங்களை அடித்துவிட்டு, தம்ளர்க் கேள்வியின் மேல் "செய்யாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மின்தடைப் பகுதி பாதி நன்று. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பிய ஃப்ரீசர் 24 மணி நேரமும் குளிர்ச்சியைக் காக்கும் என்பதை வைத்து, இரவு 9.40 க்கு மின்சாரம் போனால் எப்போது வரை என்று கேட்கிறார்கள். நள்ளிரவைத் தாண்டும் கடிகாரக் கூட்டல் இளையவனுக்குப் பெரும் புதிராக இருந்தது, 13.40 என்று எழுதிவிட்டு அப்படி ஒரு மணி இருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தான். ஆனால் 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க், 4,000 உள்ள செல்பேசியை இரண்டரை முறை நிரப்பும் என்ற அடுத்த கணக்கு நடப்புக்கு ஒத்து வராது. பவர் பேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண் உள்ளே இருக்கும் கலத்தின் கொள்ளளவு; அதன் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போதும், செல்பேசி அதை வாங்கிக்கொள்ளும்போதும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். இரண்டு முறை நிரம்பினாலே நல்ல பவர் பேங்க். இதை நாங்கள் செய்து பார்த்தபோது இரண்டாம் முறை 80 சதவீதம் தாண்டியதும் அணைந்துவிட்டது. இழப்புக்கு என்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு தொடங்கு என ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் இது சதவீதப் பாடமாகவும் ஆகியிருக்கும்.

நிலநடுக்கப் பக்கம் மகளுக்கு மிகவும் பிடித்தது. அளவீட்டில் ஒரு படி ஏறினால் அதிர்வின் வீச்சு பத்து மடங்காகிறது, வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. ஆகவே 5 க்கும் 7 க்கும் உள்ள வேறுபாடு 2 அன்று, ஆற்றலில் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. இரண்டு நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அறிவுக்கு நல்ல விருந்து, மறுக்கவில்லை. ஆனால் தரை ஆடும்போது மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தை நிரப்பியதற்குப் பதிலாக, வீட்டிலுள்ள உயரமான அலமாரி சாய்ந்து விழுந்தால் எதுவரை எட்டும் என்று அளவுநாடாவால் தரையில் கோடு போடச் சொல்லியிருக்கலாம். நாங்கள் போட்டோம். கோடு இளையவனின் தலையணை வரை வந்தது. கட்டிலை அன்றே நகர்த்தினோம்.

முன்னுரையில், 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் ஃபுக்கெட் தீவில் மைக்காவ் கடற்கரையில் பெற்றோரோடு விடுமுறையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு ஆழிப்பேரலையின் அறிகுறி என்று உணர்ந்து கடற்கரையில் இருந்தவர்களைக் காப்பாற்றியதைச் சொல்லித் தொடங்கியிருக்கிறார்கள். பொருத்தமான நிகழ்ச்சிதான். ஆனால் அவள் எதையும் பெருக்கவோ வகுக்கவோ இல்லை. இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் கேட்டது கண்ணெதிரே நடப்பதைக் கண்டுகொண்டாள், அடம்பிடித்து அதைப் பெரியவர்களை நம்பவைத்தாள். பெட்டியின் அட்டைகளில் "நீ சொல்வதைப் பெரியவர்கள் கேட்கவில்லை என்றால் என்ன செய்வாய்?" என்று ஒன்றாவது இருக்கும் என்று தேடினேன், இல்லை.

அச்சத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். எரியும் வீட்டின் சன்னலில் ஒரு குழந்தை நிற்பது போன்ற படமுள்ள இரண்டு அட்டைகளை முதல் நாளே எடுத்து ஒளித்துவைத்தேன். அதற்குள் அவற்றைப் பார்த்துவிட்ட இளையவன் அன்றிரவு எங்கள் அறையில்தான் படுத்தான். மற்றபடி, எண்ணவும் அளக்கவும் கொடுத்த நாள்களில் இருவரும் விளையாட்டாகவே செய்தார்கள், படம் காட்டிப் பேசிய நாளில் மட்டுமே பயந்தார்கள். அவசர உதவி எண்ணை இலக்கப் புதிராக மறைத்துவைத்து, இலக்கங்களைக் கூட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லும் அட்டைகளும் வேண்டாதவையே. அந்த எண் யோசிக்காமல் விரலில் வர வேண்டியது. இதயத்துடிப்பு நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவிக்கான தாளப் பயிற்சி, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்றால் 30 அழுத்தத்துக்கு எத்தனை நொடி என்று கேட்டு, 15 முதல் 18 வரை என்று ஒரு வீச்சை விடையாக ஏற்கிறது. ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்காத விடை முழுப் புத்தகத்திலும் இது ஒன்றுதான்.

மொத்தத்தில், எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையோடு உட்கார்ந்து செய்யப் பெரியவர் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மாலை நேரம் இருக்குமானால் வாங்கலாம். குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று எண்ணுவோர் வாங்க வேண்டாம். கொடுப்பதற்கு முன் விடைப் பக்கங்களை வெட்டி எடுத்துவிடுங்கள், கரைசல் பக்கத்தைத் திருத்திவிடுங்கள், கேலன் என்று வருமிடமெல்லாம் 4 லிட்டர் என்று எழுதிவிடுங்கள். அளவுக் குவளையின் கோடுகள் இரண்டாம் கழுவலிலேயே அழிந்துவிடுகின்றன. சமையலறைக் குவளையே போதும். இளையவன் இப்போது பத்து வரை எண்ண 9 நொடி எடுத்துக்கொள்கிறான். அதைச் சோதித்த ஸ்டாப்வாட்ச்சின் பொத்தான்தான் நான்காம் வாரத்தில் உள்ளே போனது, இன்னும் வெளியே வரவில்லை.